மருந்துக்கடைப் பட்டியல் யாருக்குச் சொந்தம்? ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு: ஒரு பயன்பாட்டு மதிப்பீடு

மதுரையில் எந்தெந்தத் தெருவில் மருந்துக்கடை இருக்கிறது என்ற பட்டியல் ஒரு செயலிக்குத் தேவைப்படுகிறது. கூகுள் மேப்ஸைத் திறந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டால் என்ன? கடை இருக்கும் இடம் வெறும் தகவல்தானே, தகவலுக்கு ஏது பதிப்புரிமை? இப்படிக் கேட்பவர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிதான் பின்னால் செலவு வைக்கும். அதனால்தான் பலரும், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் உலக மேப் தரவுத்தளமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் பக்கம் வருகிறார்கள். சுருக்கமாக ஓஎஸ்எம். காசு இல்லை, கேட்டு வாங்க வேண்டியதில்லை, மொத்தத் தரவையும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் லைசென்ஸ் உண்டு, அதைப் படிக்காமல் எடுத்தால் அங்கேயும் மாட்டிக்கொள்ளலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சாலை, தெரு, பேருந்து நிறுத்தம், கோயில், ஏரி ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது. கடைகளுக்குச் சுமார். வீட்டு எண்ணுக்கு இதை நம்ப வேண்டாம்.

சட்டத்தின் நிலவரத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம், ஏனென்றால் இந்தத் தரவுத்தளத்தின் லைசென்ஸ் அதைப் பார்த்துத்தான் தைக்கப்பட்டது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ரூரல் என்ற தொலைபேசி நிறுவனம், சந்தாதாரரின் பெயர், ஊர், எண் மூன்றையும் அகரவரிசையில் அச்சிட்டு டைரக்டரி போட்டுவந்தது. பல வட்டாரங்களைச் சேர்த்து ஒரே பெரிய டைரக்டரி போட நினைத்த ஃபைஸ்ட் என்ற பதிப்பகம் அனுமதி கேட்டது. ரூரல் மறுத்தது. ஃபைஸ்ட் எடுத்துப் போட்டுக்கொண்டது. அதன் டைரக்டரியில் இருந்த 46,878 பதிவுகளில் 1,309 ரூரலின் பதிவுகளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. அவற்றில் நான்கு, காப்பியடிப்பவரைப் பிடிக்க ரூரல் நட்டுவைத்த போலிப் பெயர்கள். கையும் களவுமாகப் பிடித்தும் ரூரல் தோற்றது. 1991 மார்ச்சில் வந்த தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: பாடுபட்டுச் சேர்த்தது என்பது மட்டும் போதாது, எதை எடுப்பது, எப்படி அடுக்குவது என்பதில் துளியாவது சொந்தப் படைப்பு வேண்டும். அகரவரிசையில் அது இல்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் எல்லோரும் எல்லாப் பட்டியலையும் எடுத்திருப்பார்கள். முடியவில்லை. புரோசிடி என்ற நிறுவனம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டைரக்டரிகளை ஒன்றாக்கி சிடியில் விற்றது. செலவு ஒரு கோடி டாலருக்கும் மேல். சிடியை வாங்கிய ஒருவர் அந்த எண்களை இணையத்தில் ஏற்றி, புரோசிடியைவிட மலிவாகக் காட்டத் தொடங்கினார். அவர் நம்பியதும் இந்த டைரக்டரித் தீர்ப்பைத்தான். 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. எண்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், பெட்டிக்குள்ளும் திரையிலும் காட்டிய லைசென்ஸை ஏற்றுத்தானே பயன்படுத்தினாய், அது ஒப்பந்தம், அது கட்டும் என்றது. அன்று முதல் தகவலைப் பூட்டும் வேலையைப் பெரும்பாலும் செய்வது பதிப்புரிமை அல்ல, ‘ஏற்கிறேன்’ பொத்தான். கூகுள் மேப்ஸ் பிளாட்ஃபார்மின் நிபந்தனைகளை எடுத்துப் பாருங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையை 30 நாளுக்குமேல் சேமித்து வைக்கக் கூடாது, கடைப் பெயரையும் முகவரியையும் மொத்தமாக நகலெடுத்து வைக்கக் கூடாது. நீங்கள் டெவலப்பர் கணக்குத் திறந்த அன்றே இதற்கெல்லாம் தலையாட்டியாகிவிட்டது. ‘தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை’ என்ற வாதம் இந்த இடத்தில் உதவாது.

ஓஎஸ்எம் பிறந்ததே இந்த மாதிரிப் பூட்டைப் பார்த்துத்தான். 2004-ல் பிரிட்டனில் தொடங்கியது. அங்கே அரசின் வரைபடத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் மேப்புகளுக்கு உரிமைத்தொகை கட்ட வேண்டும். 2001-ல் வாகன ஓட்டிகளுக்கான ஆட்டோமொபைல் அசோசியேஷன் அந்த மேப்புகளை நகலெடுத்ததற்காக 2 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது. அதைக் காட்டிக்கொடுக்கப் போலி ஊர்ப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. சாலையின் அகலத்தை வரைந்த விதம் போன்ற கைரேகைகளே போதுமானதாக இருந்தன. சாலை எங்கே போகிறது என்பது தகவல், அதை எத்தனை தடிமனில் எந்த வளைவை மழுக்கி வரைவது என்பது வரைபவரின் கைவேலை. ஒரு மேப்பைப் பார்த்து அப்படியே டிரேஸ் செய்யும்போது இரண்டும் சேர்ந்தே வந்துவிடும்.

ஆகவே ஓஎஸ்எம் ஆட்கள் மேப்பைப் பார்க்காமல் தெருவைப் போய்ப் பார்த்தார்கள், ஜிபிஎஸ்ஸோடு. தொடக்கத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் போட்டார்கள். அது முழுக்கப் பதிப்புரிமையில் தொங்கும் உரிமம். தகவலுக்குப் பதிப்புரிமையே இல்லாத நாட்டில் அந்தக் கயிறு எதைக் கட்டும்? இந்தக் கேள்வியால்தான் 2012 செப்டம்பர் 12 அன்று ஓபன் டேட்டாபேஸ் லைசென்ஸுக்கு மாறினார்கள். ஒடிபிஎல் என்பார்கள். சம்மதிக்காதவர்கள் வரைந்த சாலைகள் அதற்குமுன் ஜூலையிலேயே தரவுத்தளத்திலிருந்து நீக்கப்பட்டன, சில ஊர்களில் மேப்பில் ஓட்டை விழுந்தது.

புது உரிமம் மூன்று புரி கொண்ட கயிறு. பதிப்புரிமை இருக்கும் இடத்தில் பதிப்புரிமை. ஐரோப்பாவில் தரவுத்தள உரிமை, அதாவது முதலீடு போட்டுச் சேர்த்த தொகுப்பிலிருந்து கணிசமான பகுதியைப் பிறர் அள்ளக் கூடாது என்று 1996-ல் வந்த 15 ஆண்டுக்கால உரிமை. இரண்டும் இல்லாத இடத்தில் ஒப்பந்தம். தனித்தனிப் பதிவுகளின்மேல் உரிமை ஏதாவது இருந்தால் அதையும் இன்னொரு சிறு உரிமத்தால் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். ‘இந்தத் தெருவில் இந்தக் கடை’ என்ற ஒற்றைத் தகவலை யாரும் பிடித்துவைக்கவில்லை, தொகுப்புக்குத்தான் நிபந்தனை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: தரவுத்தளத்தை நடத்தும் அறக்கட்டளை இங்கிலாந்தில் பதிவானது, பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 2021 முதல் பிரிட்டிஷ் அமைப்புகள் உருவாக்கும் புதிய தரவுத்தளங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த உரிமை கிடைக்காது.

இந்தியாவில் தரவுத்தள உரிமை என்று தனியாக ஒன்று கிடையாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2(ஓ) பிரிவு கணினித் தரவுத்தளத்தையும் ‘இலக்கியப் படைப்பு’ என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது, ஆனால் எவ்வளவு படைப்பு வேண்டும் என்பதைத் தீர்த்தது 2007 டிசம்பரில் வந்த ஈஸ்டர்ன் புக் கம்பெனி – மோடக் தீர்ப்பு. அதுவும் சிடி வழக்குதான். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் திருத்தி அச்சிட்ட பதிப்பகம், அதே தீர்ப்புகளைச் சிடியில் போட்டவர்கள்மேல் தொடுத்தது. எழுத்துப்பிழை நீக்கியது, மேற்கோளைச் சரிபார்த்தது போன்ற உழைப்பு மட்டும் தனியுரிமை தராது என்றார்கள். தலைக்குறிப்பும் (தீர்ப்பின் மேலே போடும் சுருக்கம்), பத்தி பிரித்து எண்ணிட்ட வேலையும் பதிப்பகத்துக்கே என்றார்கள். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மதுரை மருந்துக்கடைகளின் வெறும் பட்டியலுக்கு இந்தியாவில் பதிப்புரிமை நிற்பது கடினம். ‘அப்படியானால் ஒடிபிஎல்லைக் கண்டுகொள்ளத் தேவையில்லை’ என்று துள்ள வேண்டாம். ஒப்பந்தப் புரி அறுபடவில்லை. தவிர, உங்கள் செயலி பிளே ஸ்டோரில் பாரிஸிலும் இறங்கும்.

இனித் தரவை எடுப்பது. ஒரு ஊர் அளவுக்கு ஓவர்பாஸ் டர்போ என்ற இணையப் பக்கம் போதும். ‘விசார்ட்’ பொத்தானை அழுத்தி, ஆங்கிலத்தில் ‘அமெனிட்டி=பார்மசி இன் மதுரை’ என்று அடித்தால் தேடல் குறிமுறையை அதுவே எழுதித் தரும். ‘ரன்’ அழுத்தினால் மேப்பில் வட்டங்கள் விழும், ‘எக்ஸ்போர்ட்’ போய் ஜியோஜேசன் என்ற மேப் தரவுக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை, ஆனால் வரும் எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது.

முதல் கோளாறு, ‘மதுரை’ எது? மாநகராட்சியா மாவட்டமா என்று விசார்ட் உங்களைக் கேட்காது, பெயர்த் தேடலில் முதலில் வருவதை எடுத்துக்கொள்ளும். வட்டங்கள் உசிலம்பட்டிவரை பரவியிருந்தால் மாவட்டத்தை எடுத்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது இன்னும் சுவாரசியம். ஒரு பதிவு என்ன வகை என்று குறிக்கும் ஓஎஸ்எம்மின் டேக் பட்டியல் ஐரோப்பிய வழக்கில் எழுதப்பட்டது. அங்கே ‘ஷாப்=கெமிஸ்ட்’ என்றால் சோப்பு, ஷாம்பு, டயப்பர் விற்கும் கடை, சீட்டு காட்டி மருந்து வாங்கும் இடமே ‘பார்மசி’. நம் ஊர்ப் போர்டிலோ ‘கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்’ என்றுதான் இருக்கும். போர்டைப் பார்த்து வரைந்தவர் கெமிஸ்ட் என்றே போட்டுவிடுவார். ஆக இரண்டு டேக்கையும் கேட்க வேண்டும், பிறகு பெயரில் ‘மெடிக்கல்ஸ்’, ‘பார்மா’ இருப்பவற்றைக் கையால் பிரிக்க வேண்டும். மூன்றாவது, சிலர் கடையைப் புள்ளியாக வைப்பார்கள், சிலர் கட்டடமாகவே வரைவார்கள். குறிமுறையில் நோடு (புள்ளி) மட்டும் கேட்டால் கட்டடமாக வரைந்தவை விட்டுப்போகும். நோடு, வே (கோடு அல்லது கட்டட வடிவம்), ரிலேஷன் (பலவற்றைச் சேர்த்த தொகுதி) மூன்றையும் கேட்டு, வெளியீட்டில் ‘அவுட் சென்டர்’ போட்டால் கட்டடத்துக்கும் ஒரு நடுப்புள்ளி வந்துவிடும்.

மாநிலம் முழுவதற்கும் ஓவர்பாஸைக் கேட்டால் நேரம் தாண்டி அறுந்துவிடும், கேட்பதும் நியாயமில்லை. ஜெர்மனியின் ஜியோஃபேப்ரிக் தளத்தில் ஆசியா, இந்தியா, தென் மண்டலம் என்று போனால் நாள்தோறும் புதுப்பிக்கும் பிபிஎஃப் கோப்பு (சுருக்கி அடைத்த ஓஎஸ்எம் தரவு) இருக்கிறது. தமிழ்நாடு தனியாக வராது, கேரளமும் கர்நாடகமும் ஆந்திரமும் தெலங்கானாவும் ஒட்டிக்கொண்டே வரும். ஆஸ்மியம் கருவியில் மாநில எல்லையைக் கொடுத்து முதலில் வெட்டிக்கொண்டு, பிறகு டேக்கால் வடிகட்டினால் வேலை சுருங்கும். இலங்கைக்குத் தனிக் கோப்பே உண்டு. இந்தக் கோப்புகளில் யார் எதை வரைந்தார் என்ற பயனர் பெயர் இருக்காது. 2018-ல் ஐரோப்பியத் தனியுரிமை விதி வந்தபோது எடுத்துவிட்டார்கள்.

தரத்தைப் பற்றி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தத் தெருவில் தண்ணீர் என்று மக்களே குறித்த மேப், ஓஎஸ்எம்மின் தெருக்கோடுகளின் மேல்தான் எழுந்தது. தெருக்கோடு அந்த அளவுக்குத் தேறும். வீட்டு எண் அரிதாகவே இருக்கும், ஆகவே ‘பழைய எண் 14, புதிய எண் 27’ முகவரியைத் தேடினால் தெருவின் நடுவில் ஒரு புள்ளியைக் காட்டும். கடைகளுக்குத் திறப்பு நேரம் பெரும்பாலும் நிரப்பப்படவில்லை. மூடிப்போன கடை மேப்பில் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் கடைசியாகத் திருத்திய தேதி இருக்கிறது, ஐந்தாண்டுக்கு முந்தியதைத் தனியாக எடுத்துவைத்துச் சரிபார்ப்பது நல்லது.

தமிழ்ப் பெயருக்குத் தனி டேக் உண்டு, ‘நேம்’ என்பதோடு தமிழுக்கான இரண்டெழுத்துக் குறி சேர்ந்தது. அது காலியாக இருந்தால் பொதுப் பெயருக்குப் போகும்படி எழுத வேண்டும், இல்லாவிட்டால் பாதி மேப் ஊமையாகிவிடும். இன்னொரு தலைவலி எழுத்துருவில். மேப்லிப்ரே போன்ற வெக்டர் மேப் நூலகங்கள் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பழகியவை, இந்திய எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கும் வேலையைச் சரியாகச் செய்யாமல் விடக்கூடியவை. அப்போது ‘மேலூர்’ என்பதில் இரட்டைக்கொம்பு ‘ம’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும், ‘லூ’ உடைந்து ‘ல’வும் ஒரு வாலுமாகக் கிடக்கும். தரவில் பிழை இல்லை, காட்டும் கருவியில்தான். வெளியிடுவதற்கு முன் மேலூர், கொடைக்கானல், தூத்துக்குடி மூன்றையும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள், தேறாவிட்டால் படமாக வரைந்து வரும் டைல்களுக்கு, அதாவது மேப்பின் சதுரத் துண்டுகளுக்கு, போய்விடுங்கள்.

லைசென்ஸ் கடிக்கும் இடத்துக்கு வருவோம். மேப்பைப் படமாக வெளியிட்டால் அது ‘உருவாக்கிய படைப்பு’. அந்தப் படத்தை நீங்கள் எந்த உரிமத்திலும் வைத்துக்கொள்ளலாம், மூலத்தைச் சொன்னால் போதும். திரையில் மேப்பின் மூலையில் ‘© ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று இணைப்போடு, அச்சில் படத்துக்குக் கீழே வலைமுகவரியோடு. ‘எங்களைப் பற்றி’ பக்கத்தின் அடியில் புதைத்துவைப்பதை மூலம் சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடை, தெரு போன்ற 100 அம்சங்களுக்குக் குறைவாக எடுத்தால் அது கணிசமான பகுதி ஆகாது என்று அறக்கட்டளையின் வழிகாட்டி சொல்கிறது. சுமார் ஆயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூர் அளவும் அப்படியே. ஆனால் ‘தொண்ணூற்றொன்பது தொண்ணூற்றொன்பதாக எடுத்தால்?’ என்று கேட்பவருக்கு உரிமத்திலேயே பதில் இருக்கிறது: சிறு சிறு அள்ளல் திரும்பத் திரும்ப நடந்தால் கூட்டிப் பார்ப்பார்கள்.

சிக்கல் வருவது கலக்கும்போது. உங்கள் ஆட்கள் நேரில் போய் எடுத்த 300 மருந்துக்கடைகள் இருக்கின்றன, ஓஎஸ்எம்மிலிருந்து 500. இரட்டிப்பைக் கழித்து ஒரே அட்டவணையாக்கிச் செயலியில் விட்டால், மொத்த அட்டவணையும் வழிவந்த தரவுத்தளம். கேட்பவருக்கு அதே ஒடிபிஎல்லில் கொடுக்க வேண்டும், இணையம் வழியே என்றால் காசில்லாமல். முழு அட்டவணையைக் கொடுக்கலாம், அல்லது செய்த மாற்றங்களின் கோப்பையோ மாற்றிய முறையையோ கொடுக்கலாம், உங்கள் 300 கடைகள் எப்படியும் வெளியே போகும். இதையே மருந்துக்கடை அனைத்தும் உங்கள் சொந்தப் பட்டியல், தெருவும் பேருந்து நிறுத்தமும் ஓஎஸ்எம் என்று அடுக்கடுக்காக வைத்தால் அது கூட்டுத் தொகுப்பு, உங்கள் பட்டியல் உங்களுக்கே. ஒரே வகைப் பொருளில், ஒரே பகுதியில், ஓட்டையை அடைக்க ஒன்றோடொன்று கலக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. நிறுவனத்துக்குள்ளேயே வைத்துப் பயன்படுத்தினால் எவ்வளவு கலந்தாலும் யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை. உங்கள் வாடிக்கையாளர் முகவரிகளுக்கு ஓஎஸ்எம் வைத்து இடம் கண்டுபிடித்தால் அந்த வாடிக்கையாளர் பட்டியலும் உங்களுடையதே.

இருப்பு, விலை, வாட்ஸ்அப் எண் போன்ற உங்கள் விவரங்களைத் தனி அட்டவணையில் வைத்து, ஓஎஸ்எம் பதிவின் எண்ணால் கோத்துக்கொள்ளும் முறை உரிமத்தோடு ஒத்துப்போகும். ஆனால் அந்த எண் நிரந்தரமல்ல. புள்ளியாக இருந்த கடையை ஒருவர் கட்டடமாக வரைந்தால் பழைய எண் செத்துப் புது எண் பிறக்கும், உங்கள் விலைப்பட்டியல் அநாதையாகும். பெயரும் அட்சரேகை, தீர்க்கரேகையும் சேர்ந்த ஒரு சொந்தக் குறியீட்டையும் வைத்துக்கொண்டு, மாதமொருமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். எது செய்தாலும் முதல் நாளிலேயே அட்டவணையில் ‘மூலம்’ என்று ஒரு நெடுவரிசை போடுங்கள். அது இல்லாமல் கலந்துவிட்டால், எது யாருடையது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

தரவு இலவசம், சர்வர் இலவசமல்ல. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டுச் செயலி தடைபட்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது. ஓஎஸ்எம்மின் டைல் சர்வர் நன்கொடையில் ஓடுகிறது. கேட்பது யார் என்று சர்வருக்குச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியில் செயலியின் பெயரைச் சரியாக அனுப்ப வேண்டும், ஆஃப்லைனுக்கு என்று மொத்தமாக இறக்கக் கூடாது. முகவரி தேடும் நாமினாட்டிமுக்கு நொடிக்கு ஒரு கேள்விக்குமேல் கூடாது, எழுத எழுதப் பரிந்துரை காட்டுவதற்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. பத்துப் பேர் சோதிக்கும்வரை தெரியாது, ஆயிரம் பேர் வந்த அன்று மேப் வெள்ளையாகும். தமிழ்நாடு அளவுக்கு டைல்களையெல்லாம் ஒரே பிஎம்டைல்ஸ் கோப்பாகச் செய்து உங்கள் சேமிப்பிடத்தில் வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை.

விட்டுப்போன கடையை நீங்களே ஓஎஸ்எம்மில் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். கூகுளில் பார்த்துச் சேர்க்கக் கூடாது. பிங்கின் செயற்கைக்கோள் படத்தின்மேல் வரைய 2010 முதல் அனுமதி இருக்கிறது, எடிட்டரைத் திறந்தாலே பின்னணியில் வரும். கடைப் பெயருக்குப் போர்டை நேரில் பார்ப்பது, இல்லையேல் நீங்கள் எடுத்த படம். திருத்தத்தைச் சேமிக்கும்போது ‘மூலம்’ கட்டத்தில் அதை எழுதுங்கள்.

கடைசியாக, பதிப்புரிமையோடு சம்பந்தமில்லாத ஒரு கண்ணி. ஓஎஸ்எம் எல்லைக்கோட்டைக் களத்தில் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அதன்படி வரைகிறது. இந்தியாவின் எல்லையை, மத்திய அரசின் வரைபடத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட வரைபடத்துக்கு மாறாக வெளியிட்டால் 1961-ன் குற்றவியல் திருத்தச் சட்டப்படி ஆறு மாதம்வரை சிறை உண்டு. மதுரைத் தெருவைப் பெரிதாக்கிக் காட்டும் மேப்பில் இது தலைகாட்டாது. பயனர் இரண்டு விரலால் சுருக்கிக்கொண்டே போய் காஷ்மீர் தெரியும் இடத்துக்கு வந்தால் காட்டும். செயலியில் ஜூமின் கீழளவையும் நகர்த்தும் எல்லையையும் தமிழ்நாட்டோடு பூட்டிவிடுங்கள். இந்தியா முழுவதையும் காட்டியே ஆக வேண்டுமென்றால் அந்த ஜூம் அளவுகளில் ஓஎஸ்எம்மின் எல்லை அடுக்கை அணைத்துவிட்டு, சர்வே ஆஃப் இந்தியாவின் கோட்டை மேலே போடுங்கள்.